ஹாப்சன் லாயம்: வாசலில் நிற்பதுதான் உங்கள் குதிரை

கேம்பிரிட்ஜில் தாமஸ் ஹாப்சன் நடத்திய வாடகைக் குதிரை லாயத்துக்கு, சேவை என்ற அளவில் ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுக்கலாம். 1631-ல் அவர் இறந்தார். 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' (ஹாப்சனின் தேர்வு, அதாவது கொடுப்பதை எடுத்துக்கொள், இல்லையென்றால் விடு) என்ற ஆங்கிலத் தொடர் அவர் லாயத்திலிருந்து வந்ததுதான். 1660-ல் அச்சான நூலிலேயே அதைப் பழமொழி என்று குறிப்பிட்டிருக்கிறார்கள்.

லண்டனுக்குச் சரக்கும் கடிதமும் கொண்டுபோவது அவருடைய முதன்மைத் தொழில். கூடவே குதிரைகளை வாடகைக்கும் விட்டார். லாயத்தில் 40 குதிரைகள் இருந்ததாக 1712-ல் 'ஸ்பெக்டேட்டர்' இதழ் எழுதியது. பூட்ஸ், கடிவாளம், சாட்டை எல்லாம் தயாராக இருக்கும். வந்தவர் உடனே கிளம்பலாம். அந்தக் காலத்துக்கு இது பெரிய வசதி. ஆனால் குதிரையைத் தேர்ந்தெடுக்க முடியாது. வாசலுக்கு அருகில் எது நிற்கிறதோ அதுதான்.

பிடிவாதம் போலத் தெரிந்தாலும் காரணம் வலுவானது. மாணவர்களை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டால் வேகமான குதிரைகளையே மறுபடி மறுபடி கேட்பார்கள். ஓய்வில்லாமல் ஓடும் குதிரைக்கு முதலில் முதுகில் சேணப்புண் வரும், பிறகு கால் நொண்டும். மற்றவை தீனி தின்றுகொண்டு சும்மா நிற்கும். முறை வைத்து அனுப்பினால், திரும்பி வந்த குதிரை மறுபடி வாசலுக்கு வருவதற்குள் களைப்பு ஆறிவிடும். இந்த விதியைப் பெரிதும் மெச்ச வேண்டும்: பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே வரிசை, குதிரைகளுக்கும் ஒரே நியாயம்.

குறையும் உண்டு. பருமனானவருக்குச் சிறிய குதிரையோ, பழக்கமில்லாதவருக்கு முரட்டுக் குதிரையோ வாய்க்கலாம். அதற்குத்தான் அந்த அரை மதிப்பெண் குறைகிறது.

இந்தத் தொடரைப் பலர் தவறான இடத்தில் போடுகிறார்கள். இரண்டு பக்கமும் கெடுதல் என்றால் அது இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை. ஹாப்சனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே கிடைப்பது ஒன்றே ஒன்று. பிடித்தால் எடுத்துக்கொள், இல்லையென்றால் நடையைக் கட்டு. கிடைப்பது மட்டமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அவர் தந்தவை நல்ல குதிரைகள்தான். இன்னொரு நுணுக்கமும் உண்டு. வந்தவர் கண்ணெதிரே லாயம் நிறையக் குதிரைகள் நின்றன. ஆன்லைன் படிவத்தில் ஐந்து தேதிகள் தெரிந்து, அவற்றில் நான்கை அழுத்தவே முடியாவிட்டால், அது அச்சு அசலாக ஹாப்சன் லாயம்.