குதிரை கலெக்ஷனுக்கான பொருட்கள்: எது உழைக்கும், எதை விட்டுவிடலாம்

குதிரையை மையமாக வைத்து உடை வடிவமைக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது குதிரை முகம் அச்சிட்ட துணியும், கடிவாள இரும்பு வடிவில் ஒரு பக்கிளும். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். குதிரைக்கும் மனிதருக்கும் நடுவில் பேச்சு கிடையாது, எல்லாம் தொடுகைதான். உள்ளங்கையில் இழுபடும் வார், சேணத்தோடு ஒட்டும் முழங்காலின் உட்புறம், கழுத்தைத் தட்டிக்கொடுக்கும் கை, பிடரி மயிருக்குள் நுழையும் விரல்கள். உடையிலும் இந்த இடங்களுக்கு எந்தப் பொருள் வரவேண்டும் என்று பார்த்து வாங்கினால் செலவும் மிச்சம், கலெக்ஷனுக்கும் ஒரு அர்த்தம் இருக்கும். சந்தையில் கிடைப்பவற்றை அந்த அளவுகோலில்தான் இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

இருப்பதிலேயே சிறந்தது வெளியே தெரியாத பொருள்: குதிரைமயிர் கேன்வாஸ். தைத்த ஜாக்கெட்டின் மார்புக்குள் இருந்து வடிவம் கொடுப்பது இதுதான். பாவில் (நெடுக்கே ஓடும் இழை) பருத்தி நூல், ஊடையில் (குறுக்கே ஓடும் இழை) குதிரையின் வால்மயிர். அதனால் நெட்டுக்கு வளையும், குறுக்கே வில்போல் நிமிர்ந்து நிற்கும். கசக்கிவிட்டுக் கையை எடுத்தால் தானாகவே விரியும். பசை தடவி இஸ்திரியில் ஒட்டும் இன்டர்லைனிங்கில் இந்தத் துள்ளல் வராது. இங்கிலாந்தின் காஸில் கேரியில் ஜான் பாய்ட் நிறுவனம் 1837 முதல் குதிரைமயிர்த் துணி நெய்கிறது. பாரிஸில் ஹெர்மெஸ் நிறுவனம் குதிரைக் கடிவாள வார்ப் பட்டறையாகத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

வாங்கும்போது முதலில் அகலத்தைப் பாருங்கள். ஊடை முழுக்க அசல் மயிர் என்றால் துணி ஒரு மயிரின் நீளத்துக்கு மேல் அகலமாக இருக்க முடியாது, 70 செ.மீ.க்கு உட்பட்ட குறுகிய துணியாகத்தான் வரும். 150 செ.மீ. அகலத்தில் ‘குதிரைமயிர்’ என்று விற்பது பருத்தியால் சுற்றி முடிந்த மயிர் நூலாகவோ, ஆட்டுமயிரும் கம்பளியும் கலந்ததாகவோ இருக்கும். அதுவும் மோசமில்லை, மென்மையான கோட்டுக்கு நன்றாகவே பொருந்தும். விலை மட்டும் அசலுக்கு உள்ளதாக இருக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் ஊடையில் ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். மயிர் பொசுங்கி, முடி கருகும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் பொடியும். உருகி மணிபோல் கெட்டிப்பட்டால் அது பிளாஸ்டிக். பாவாடை விளிம்புக்கு ‘ஹார்ஸ்ஹேர் பிரெய்டு’ என்று விற்கும் வலைநாடா இன்று அநேகமாக நைலானோ பாலியெஸ்டரோதான். பெயர் மட்டும் 1840களின் மயிர்ப் பாவாடைக் காலத்திலிருந்து தங்கிவிட்டது.

இந்தக் கேன்வாஸில் தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, நீராவி காட்டாமல் வெட்டுவது. பருத்தி சுருங்கும், மயிர் சுருங்காது. நீராவி பட்டதும் மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், பிறகு சரிசெய்ய வழியில்லை. வெட்டும் முன்பே நன்றாக நீராவி காட்டி, ஒரு நாள் தட்டையாகக் காயவிட வேண்டும். இரண்டாவது, திசை. மார்புத் துண்டில் மயிர் மார்பின் குறுக்கே ஓட வேண்டும். திருப்பி வெட்டினால் முன்பக்கம் பலகைபோல் நிற்கும், உட்காரும்போது வயிற்றருகே மடிந்து உடையும். மூன்றாவது, அதிகம் நடப்பது: முனை குத்துவது. மயிர் வழவழப்பானது, தையல் அதைப் பிடித்து நிறுத்தாது. உடுத்த உடுத்த ஊடையிலிருந்து நழுவி லைனிங்கைத் துளைத்துத் தோலில் முள்ளாகக் குத்தும். வெட்டிய ஓரம் முழுவதையும் பயாஸ் (சாய்வாக வெட்டிய) பருத்தி நாடாவாலோ மெல்லிய ஃபெல்ட் துண்டாலோ மூடுங்கள். லப்பெல் (காலருக்குக் கீழே மார்பில் மடியும் பகுதி) மடியும் கோட்டிலிருந்து 1 செ.மீ. உள்ளே கேன்வாஸை நிறுத்துங்கள். டார்ட்டை (வளைவு கொடுக்கப் பிடிக்கும் கூம்பு மடிப்பு) மடித்துத் தைக்காமல், வெட்டி இரு ஓரத்தையும் முட்டவைத்து, மேலே நாடா போட்டு ஜிக்ஜாக் அடியுங்கள். ஒரு ஜாக்கெட்டின் இரு மார்புத் துண்டுகளுக்கு 35 முதல் 40 செ.மீ. நீளம் போதும்.

அடுத்தது, சொந்தக் குதிரையின் வால்மயிர். வாங்கும் பொருள் இல்லை; ஆனால் உறவைச் சொல்லும் கலெக்ஷனுக்கு இதைவிட நேரடியான பொருள் கிடையாது. பின்னல் செய்து தரும் கைவினைஞர்கள் பலர் பென்சில் தடிமனுக்கு ஒரு கற்றை கேட்பார்கள். அதை ஒரே இடத்தில் வெட்டாமல், வாலின் அடிப்பக்கத்தில் நாலைந்து இடங்களிலிருந்து சிறு சிறு கற்றையாக, கத்தரியால் வெட்டி எடுங்கள். பிடுங்க வேண்டாம், வலிக்கும். ஈ விரட்ட அந்த வால் அதற்கு வேண்டும். பிடரி மயிர் மென்மையானது, நீளம் போதாது, பின்னலுக்கு உழைக்காது.

மிதமான ஷாம்பூவில் இரண்டு மூன்று முறை அலசி, வேர்ப்பக்கம் ரப்பர் பேண்டு கட்டித் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். வெள்ளை வாலில் சிறுநீர்க் கறையின் மஞ்சள் முழுதாகப் போகாது. அதை மறைக்கப் பிளீச் போட்டால் மயிர் பொடிந்துவிடும். கம்பளிக்குப் போடும் ஆசிட் சாயம் வெள்ளை மயிரில் பிடிக்கும். கொதிக்க மட்டும் விடாதீர்கள்.

கைவினைஞரின் கைத்திறனை ஒரு நொடியில் தெரிந்துகொள்ள வழி உண்டு. வால்மயிர் வேரில் தடிப்பு, நுனியில் மெலிவு. எல்லா வேரையும் ஒரே பக்கம் வைத்துப் பின்னினால் பின்னல் எலிவால்போல் சிறுத்துக்கொண்டே போகும். விவரம் தெரிந்தவர் பாதிக் கற்றையைத் தலைகீழாகத் திருப்பிச் சேர்ப்பார். பின்னல் முழுக்க ஒரே கனம் இருக்கும். உலோக மூடியில் எபாக்ஸி பசை போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். உடனடியாக ஒட்டும் சூப்பர் க்ளூ கெட்டிப்பட்டு, மூடியின் வாயருகே மயிரை ஒடித்துவிடும். துணியில் பதிக்க வேண்டுமானால், மயிரை ஊசியில் கோக்காமல் மேலே கற்றையாகக் கிடத்தி, 4 அல்லது 5 மி.மீ.க்கு ஒரு முறை பட்டு நூலால் கட்டித் தைப்பதுதான் நிற்கும். காலர் அடியில், உடுத்துபவருக்கு மட்டும் தெரியும்படி வைத்தால் அழகு.

தோல். கடிவாள வாருக்கான தோல் தாவரப் பட்டையில் பதனிட்டு, மெழுகும் கொழுப்பும் ஏற்றியது. அதன் மேல் படரும் வெள்ளைப் பூப்பு பூஞ்சை இல்லை, மெழுகுதான். துணியால் தேய்த்தால் மறையும். பெல்ட், தோள்வார், கைப்பிடிக்கு மிக நல்ல பொருள். வெளிர் பட்டின் மேல் நேராக வைத்தால் எண்ணெய்க் கறை ஏறும், நடுவில் பருத்தி அடுக்கு வேண்டும். சேணத்துக்கான 4 மி.மீ. தோலை உடைக்கு வாங்குவது வீண், பெல்ட்டுக்கு 2.5 மி.மீ., உடைப் பகுதிக்கு 1 மி.மீ. போதும். தையல் சேணத் தையலாக இருக்கட்டும்: ஒரே மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி, இரண்டும் ஒரே துளை வழியாக எதிரெதிரே போகும். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். மெஷின் தையலுக்கு அந்தக் குணம் இல்லை. நூல் தையலின் நீளத்தைப்போல் நாலு மடங்காவது வேண்டும். குதிரையின் பின்புறத் தோலிலிருந்து வரும் கார்டோவன் மினுமினுப்பானது, நீடித்து உழைப்பது. ஆனாலும் குதிரையின் மீதுள்ள அன்பைச் சொல்லும் உடையில் குதிரைத் தோலை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கடிவாள இரும்பு வடிவப் பக்கிள் 1953-இல் இத்தாலியின் குச்சி (Gucci) நிறுவனத்தின் லோஃபர் காலணியில் வந்ததிலிருந்து எல்லோரும் போட்டுத் தேய்ந்த அடையாளம். குதிரையின் வாயைக் கட்டுப்படுத்தும் பொருள் அது. நம்பிக்கையைச் சொல்லத் தலைக்கயிற்றின் முடிச்சும் வளையமும் பொருத்தமானவை. அப்படியும் பக்கிளே வேண்டுமென்றால் திடப் பித்தளையில் வாங்குங்கள். பின்பக்கம் அரத்தால் ஒரு கீறல்: உள்ளே மஞ்சள் என்றால் பித்தளை, சாம்பல் என்றால் துத்தநாகக் கலவை. கலவை வார்ப்பு மெல்லிய கழுத்தில் படக்கென்று உடையும், வார் உரசும் இடத்தில் முலாம் போய்விடும்.

கால்சட்டைத் துணியில் ஒரு குழப்பம் உண்டு. தொடையில் அகன்று முழங்காலுக்குக் கீழே ஒட்டும் ஜோத்பூர் வெட்டு, நீளாத நெசவுத் துணியில் ஏறி உட்கார இடம் கொடுக்க வந்தது. நாலு பக்கமும் நீளும் துணியில் அந்த அகலம் வெறும் காற்றுப்பை. கனமான பருத்தி டிரில் என்றால் அகல வெட்டு. ஸ்ட்ரெட்ச் என்றால் ஒட்டிய வெட்டு. எதுவானாலும் உட்தொடைத் தையலை முழங்காலின் உட்புறம் வரவிடாதீர்கள். சேணத்தில் உரசித் தோலைக் கிழிக்கும். அங்கே ஒட்டுத்துணி வைத்து, தையலை அதன் ஓரத்துக்குத் தள்ளுங்கள். சிலிகான் புள்ளி அச்சிட்ட பிடிப்புத் துணிக்குச் சலவை மென்மையாக்கியும் உலர்த்தி இயந்திரத்தின் சூடும் ஆகாது.

ஜாக்கெட் பேட்டர்னைப் பார்க்க மாடலை நிற்கவைத்து ஊசி குத்துவதோடு நிறுத்த வேண்டாம். சேணம் மாட்டும் மரத்தாங்கியிலோ, அகலமான நாற்காலியில் திருப்பியோ உட்காரவைத்து, வார் பிடிப்பதுபோல் இரு கைகளையும் முன்னே நீட்டச் சொல்லுங்கள். கைமுனை மணிக்கட்டுக்கு மேல் ஏறினால் ஜாக்கெட்டின் கை நீளம் போதவில்லை. முதுகில் இரு தோளுக்கும் நடுவே துணி இழுத்தால் அங்கே மடிப்பு வேண்டும். ஜாக்கெட்டின் பின்புறப் பிளவு சேணத்தின் இரு பக்கமும் சமமாக விழவில்லை என்றால், அதை இடுப்பு வரை உயர்த்துங்கள்.