43 அங்குல 4கே தொலைக்காட்சியும் ஓர் அளவு நாடாவும்: ஆறு ஆண்டு அனுபவம்

2019 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்கு 43 அங்குல 4கே தொலைக்காட்சி வந்து இறங்கியது. பதினைந்து ஆண்டுகள் உழைத்த 21 அங்குல டியூப் டி.வி.யைப் பின்கட்டுக்கு நகர்த்திவிட்டு, அன்று இரவு குடும்பமே கூடி உட்கார்ந்து செய்தி பார்த்தோம். செய்தி வாசித்தவரின் முகம் மெழுகு பூசியதுபோல் இருந்தது. புடவைக் கரை கரைந்து கிடந்தது. அடியில் ஓடிய எழுத்துகளைச் சுற்றி ஈசல் மொய்ப்பதுபோல் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. "பழசே நல்லா இருந்துச்சேல" என்றார் அப்பா. கடையில் தேன் சொட்டுவதையும் பூ விரிவதையும் அத்தனை துல்லியமாகக் காட்டிய அதே வகைத் திரைதான் இது என்பதை நம்புவதற்கு எனக்கே சிரமமாக இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. நம் ஊர் சாதாரண ஒளிபரப்பு, அதாவது எஸ்டி, கிடைமட்டத்தில் 720, செங்குத்தில் 576 என்ற அளவில் வருகிறது; பெருக்கிப் பார்த்தால் 4,14,720 படப்புள்ளிகள். என் புதிய திரையிலோ 3840-க்கு 2160 என்று 82,94,400 புள்ளிகள் இருக்கின்றன. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மிச்சமில்லாமல் 20 வருகிறது. ஆக, ஒளிபரப்பிலிருந்து ஒரு புள்ளிக்கான தகவல்தான் கிடைக்கிறது, மீதிப் பத்தொன்பதையும் தொலைக்காட்சியே ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. பழைய டியூப் டி.வி.க்கு அந்த வேலையே இல்லை. வந்த வரிகளை வந்தபடியே சிறிய திரையில் வரைந்தது, அதன் இயல்பான மென்மை ஒளிபரப்பின் குறைகளை மூடி மறைத்தது. பெரிய திரை அந்தக் குறைகளையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டியது.

இதில் என் தவறும் ஒன்று உண்டு. செட் டாப் பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய ஏவி கேபிளாலேயே இணைத்திருந்தேன். அந்த மஞ்சள் முனை வழியாக எஸ்டிக்கு மேல் எதுவுமே போகாது. எச்டி பாக்ஸ், எச்டி சேனல் என்று எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிட்டு இந்தக் கேபிளில் மாட்டினால் கட்டிய பணம் அந்த முனையிலேயே நின்றுவிடும். சில நூறு ரூபாய்க்கு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி மாட்டிய பிறகும் படம் எதிர்பார்த்த அளவுக்குத் தேறவில்லை. பாக்ஸின் அமைப்புகளுக்குள் நுழைந்து பார்த்தபோது வெளியீடு 576 வரிகளில் நின்றிருந்தது. அதை 1080-க்கு மாற்றிய நொடியில்தான் வாங்கிய பொருள் என்ன என்று முதன்முதலாகத் தெரிந்தது. அதன்பின் உறவினர் வீடுகளில் நான்கு தொலைக்காட்சிகளையாவது இப்படித் திருத்தியிருப்பேன். ஒரு வீட்டில் மூன்று ஆண்டுகளாக எச்டி கட்டணம் கட்டிக்கொண்டு மஞ்சள் முனையில் எஸ்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாத்தூரில் மைத்துனர் வீட்டில் இருப்பது 32 அங்குல 'எச்டி ரெடி' வகை. அந்தத் திரையில் 1366-க்கு 768 புள்ளிகள்தான், என் திரையில் இருப்பதில் எட்டில் ஒரு பங்கு. ஆனாலும் எச்டி சேனல் ஓடும் அந்தத் திரை, எஸ்டி சேனல் ஓடும் என் திரையைவிடக் கண்ணுக்கு நன்றாக இருந்தது. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற சந்தேகம் எனக்கு முதலில் அங்கேதான் விழுந்தது.

சேனல் எச்டியாகவே இருந்தாலும் அது முழுக் கதை ஆகாது. 1920-க்கு 1080 என்ற அளவில் படப்பிடிப்புத் தளத்தில் ஓடும் எச்டி சமிக்ஞைக்கு, வினாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை கிகாபிட் தகவல், அதாவது 1500 மெகாபிட், தேவை. செயற்கைக்கோள் வழியாக நம் வீட்டுக்கு வரும்போது அதில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. ஒரே அலைவரிசைப் பகுதியைப் பல சேனல்கள் பங்கிட்டுக்கொள்வதால் அத்தனை இறுக்கமாகச் சுருக்கி அனுப்புகிறார்கள். ஒருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் ஒரு சட்டத்திலிருந்து (ஃபிரேம்) அடுத்த சட்டத்துக்கு மாறுவது கொஞ்சம்தான் என்பதால் இந்தச் சுருக்கம் நமக்குத் தெரிவதில்லை. கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது கேமராவும் கூடவே திரும்புகிறதே, அப்போது புல்தரை பச்சைச் சாயமாகக் குழைவதைப் பார்க்கலாம். கேமரா நின்றதும் புல் மறுபடி முளைத்துவிடும். மழைக் காட்சி, திருவிழாவில் பூத்தூவும் காட்சி, பாட்டுக் காட்சியில் பறக்கும் காகிதத் துணுக்குகள் ஆகியவையும் அப்படித்தான். வரிகளின் எண்ணிக்கை 1080 என்றே இருக்கும், அவற்றை நிரப்பத் தகவல்தான் போதாது.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள எனக்கு உதவியது ஒரு ப்ளூ-ரே வட்டு. டிவிடியில் படத்துக்கு வினாடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட், ப்ளூ-ரேயில் 40 மெகாபிட். நண்பரிடம் இரவல் வாங்கிய இயந்திரத்தில் ஒரு வட்டைப் போட்டுப் பார்த்தபோது, வெறும் 1080 வரிகள் கொண்ட அந்தப் படம், இணையத்தில் 4கே என்ற முத்திரையோடு வந்த பலவற்றைவிட உறுதியாக நின்றது. நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே தரத்துக்குப் பரிந்துரைக்கும் இணைய வேகமே வினாடிக்கு 15 மெகாபிட்தான் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. ஸ்ட்ரீமிங்கில் பயன்படும் சுருக்க முறைகள் புதியவை, திறமையானவை என்பது உண்மைதான். ஆனால் திறமைக்கும் ஓர் எல்லை உண்டு, இருட்டுக் காட்சிகளில் சுவரின் நிழல் படிப்படியாகப் பட்டைகளாகப் பிரிவதில் அந்த எல்லை தெரிந்துவிடும்.

இனி தூரத்துக்கு வருகிறேன். நான் நில அளவைத் துறையில் வேலை பார்ப்பவன். வீட்டில் எப்போதும் ஓர் அளவு நாடா கிடக்கும். பார்வை சரியாக உள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரைதான் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவர்கள் சுவரில் மாட்டும் எழுத்து அட்டைக்கே அடிப்படையான கணக்கு. என் திரையின் அகலம் 95 சென்டிமீட்டர். அதில் முழு எச்டி படம் ஓடினால் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர் வரும். அரை மில்லிமீட்டரைக் கண் பிரித்தறிய வேண்டுமானால் ஏறக்குறைய ஐந்தரை அடிக்குள் உட்கார வேண்டும். அதற்கு அப்பால் போனால், அந்தப் புள்ளியை மேலும் நான்காகப் பிளந்து 4கே ஆக்கினாலும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எங்கள் சோபாவுக்கும் திரைக்கும் இடையே நாடா காட்டியது பத்தடி.

அந்த இரவு எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பத்தடியிலிருந்து 4கே-யின் பலன் கண்ணுக்குத் தெரியத் தொடங்க வேண்டுமானால் திரை ஏறக்குறைய 77 அங்குலம் இருக்க வேண்டும் என்று கணக்கு வந்தது, அதற்கு எங்கள் கூடத்தில் சுவரே இல்லை. சோபாவை ஏழடிக்கு முன்னால் இழுத்தேன். 720 வரிக்கும் 1080 வரிக்கும் உள்ள வேறுபாடு அங்கிருந்து தெளிவாகத் தெரிந்தது. 4கே அங்கும் தெரியவில்லை. தரையில் ஐந்தடியில் சம்மணமிட்டு வீடியோ கேம் விளையாடும் என் மகன் ஒருவனுக்குத்தான் இந்த வீட்டில் 4கே-யின் பலன் கொஞ்சமாவது போய்ச் சேருகிறது. நெட்ஃபிளிக்ஸில் 4கே தரும் ₹649 திட்டத்தை விட்டுவிட்டு, 1080 வரிகள் தரும் ₹499 திட்டத்துக்கு இறங்கினேன்; எட்டு மாதம் கழித்து நானே சொல்லும்வரை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஆனால் யூடியூபில் மட்டும் 4கே கிடைக்கிற இடத்தில் இன்றும் அதையே தேர்வு செய்கிறேன். அங்கே உயர்ந்த அளவைத் தேர்ந்தால் கூடவே தகவல் அளவும் கூடுகிறது, ஏழடியிலிருந்தும் அந்த வேறுபாடு தெரிகிறது.

தெளிவுத்திறனைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆறு ஆண்டுகளில் என் கண்ணுக்கு அதைவிட அதிகமாகப் பட்டவை கறுப்பும் நிறமும்தான். என் தொலைக்காட்சியின் பேனல், அதாவது படம் தெரியும் பலகை, எல்சிடியில் ஐபிஎஸ் என்ற வகை; பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் நிறம் மாறாது என்பது அதன் வலிமை. ஆனால் அதன் வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும், எல்சிடியின் இன்னொரு வகையான விஏயில் மூவாயிரத்துக்கு மேல் போகும், ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடியில் புள்ளியே அணைந்துவிடுவதால் விகிதம் என்ற பேச்சே இல்லை. விளக்கை அணைத்துவிட்டு இரவுக் காட்சி பார்த்தால் என் திரையில் இருட்டு சாம்பல் நிறமாகத்தான் தெரியும். திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு சிறிய வெள்ளை விளக்கை வைத்தது நான் செய்த மலிவான, ஆனால் மிகுந்த பலன் தந்த மாற்றம். சுற்றிலும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் கண் அந்தச் சாம்பலைக் கறுப்பாகவே எடுத்துக்கொள்கிறது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் விஷயத்தில் எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. அந்த வகைப் படங்களைப் பெரும்பாலும் 1000 நிட் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) ஒளிர்வை மனத்தில் வைத்துத் தயாரிக்கிறார்கள், இந்த விலையில் விற்கும் திரைகளோ 300 நிட்டைச் சுற்றியே நிற்கின்றன. எச்டிஆர் என்ற முத்திரை திரையில் தோன்றியதுமே படம் மங்குகிறது. இயலும் இடங்களில் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.

நிறம் பற்றி எனக்குப் பாடம் நடத்தியவர் அப்பா. கடையிலிருந்து வந்தபோது இருந்த 'விவிட்' அமைப்பு அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் அதை 'சினிமா' அமைப்புக்கு மாற்றி, கூர்மையையும் ஏறக்குறையச் சுழியத்துக்கு இறக்கிய ஒவ்வொரு முறையும், எல்லாம் பழுப்பேறிக் கிடப்பதாகச் சொல்லிப் பழையபடி மாற்றச் சொல்வார். 2021-இல் அவருக்கு இரண்டு கண்களிலும் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்து முதன்முதலாகத் தொலைக்காட்சியைப் பார்த்தவர், "ஏல, என்ன இது, எல்லாம் ஒரே நீலமா அடிக்கி?" என்று கேட்டார். பழுத்துப்போன கண்வில்லை நீல ஒளியைத் தடுத்து வைத்திருந்தது. அந்தக் குறையை விவிட் அமைப்பின் மிகை நீலம் இத்தனை நாளும் ஈடு கட்டிக்கொண்டிருந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் சினிமா அமைப்புதான் நிலைத்திருக்கிறது.

படத்தின் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் அதே நாளில் அணைத்துவிட்டேன். வினாடிக்கு 24 சட்டங்களாக எடுத்த திரைப்படத்தில் இல்லாத சட்டங்களைத் தொலைக்காட்சியே வரைந்து செருகும்போது, கோடிகளில் எடுத்த படம் நெடுந்தொடர்போல் ஆகிவிடுகிறது. ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸ் 2018 டிசம்பரில் இதை அணைக்கும்படி கேட்டு ஒரு காணொளியே வெளியிட்டார். கிரிக்கெட்டுக்கு மட்டும் அது பரவாயில்லை.

நான்காம் ஆண்டில் திரையின் இடப்பக்கம் மங்கத் தொடங்கி, இரண்டு மாதத்தில் வட்ட வட்டமாக நீலத் திட்டுகள் தெரிந்தன. பேனல் போய்விட்டது, புதிது வாங்குவதே மேல் என்று சேவை மையத்தில் சொன்னார்கள். தெருமுனை மெக்கானிக் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "பேனல் நல்லாத்தான் சார் இருக்கு, பேக்லைட்ட நூறுலயே வச்சு ஓட்டிருக்கீங்க, பட்டைதான் போயிருக்கு" என்றார். எல்இடி பட்டைகளை மாற்றியதற்கு ₹3,500 ஆயிற்று. மாற்றிய பட்டைகளின் வெள்ளை முன்பைவிடச் சற்றுக் குளிர்ந்த வெள்ளையாக இருந்ததால் நிறங்களை மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. இப்போது பின்னொளி 60-இல் நிற்கிறது. பகலில் சன்னல் திரையை இழுத்துவிட்டால் அதுவே போதும். இன்னொரு தொலைக்காட்சி வாங்கும் நாள் வந்தால், நாடாவை எடுத்துக்கொண்டுபோய் சோபாவின் தூரத்துக்கு ஏற்ற அகலத்தை முதலில் முடிவு செய்வேன், பிறகு விளக்கை அணைத்துக் கறுப்பைக் காட்டச் சொல்வேன், கடைக்காரர் அதற்கு ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

இத்தனைக்குப் பிறகும் தீராத வழக்கு ஒன்று வீட்டில் இருக்கிறது. அம்மா மதியத்தில் பார்க்கும் பழைய படங்கள் 4:3 வடிவத்தில் எடுத்தவை. முழுத்திரைக்கு இழுத்தால் முகமெல்லாம் பூசணிக்காயாக அகன்றுவிடும். நான் 4:3-இல் வைத்துவிட்டு வேலைக்குப் போனால், மாலையில் திரும்பும்போது அது 16:9 ஆகியிருக்கும். இரண்டு பக்கமும் கறுப்பாகச் சும்மா கிடக்கிறதே, அந்த இடத்துக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தாய் என்பது அம்மாவின் வாதம். முப்பது ஆண்டுகள் நிலம் அளந்தும் அதற்கு என்னிடம் பதில் இல்லை.