எவரோலிமஸ் மாத்திரை: சிறுநீரகத்துக்கு நல்லது, வாய்க்குச் சோதனை

டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் அரிய மரபணு நோயுள்ள என் தங்கைக்கு இரண்டு சிறுநீரகங்களிலும் ஆஞ்சியோமயோலிப்போமா எனப்படும் கட்டிகள் உள்ளன. இந்நோயாளிகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு வரும் இவை பெரும்பாலும் புற்றுநோய் அல்ல என்றாலும், 4 செ.மீ.க்கு மேல் வளர்ந்தால் உள்ளே புடைத்திருக்கும் இரத்தக்குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான், வலியே இல்லாதபோதும் மருத்துவர் எவரோலிமஸைத் தொடங்கினார்.

இந்நோயில் நடப்பதுபோல் டிஎஸ்சி1 அல்லது டிஎஸ்சி2 மரபணு பழுதானால், செல் வளர்ச்சியைத் தூண்டும் எம்டார் புரதம் கட்டுப்பாடின்றி இயங்கும். இம்மாத்திரை அதை அடக்குகிறது. 118 பேரிடம் நடந்த எக்ஸிஸ்ட்-2 ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 42 விழுக்காட்டினருக்குக் கட்டிகளின் கனஅளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது; வெற்று மாத்திரை பெற்றவர்களில் ஒருவருக்குக்கூட அப்படிக் குறையவில்லை. அமெரிக்காவில் 2012இல் இக்கட்டிகளுக்கு இம்மருந்தைத் தர ஒப்புதல் கிடைத்தது. தங்கையின் எம்.ஆர்.ஐ. அறிக்கைகளிலும் கட்டிகள் முதலில் நன்றாகச் சுருங்கி, பிறகு அதே அளவில் நிற்கின்றன. நிற்பதே எனக்குப் போதும்.

குறை என்றால் வாய்ப்புண்தான். நாக்கின் ஓரத்திலும் உதட்டின் உட்புறத்திலும் வெள்ளை வெள்ளையாகப் புண் வந்து, ரசம்கூட எரிகிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாள். அந்நாட்களில் ஆறிய தயிர்சாதம் மட்டும்தான். மருத்துவர் எழுதித்தந்த, ஆல்கஹால் கலக்காத ஸ்டீராய்டு கொப்பளிப்பு மருந்து ஓரளவு தணித்தது. கொலஸ்ட்ரால், சர்க்கரை, சிறுநீரில் புரதம் ஆகியவற்றை அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கிரேப்ஃப்ரூட் (திராட்சை அல்ல, பம்பளிமாஸ் போன்ற பழம்) சாறு ஆகாது. வலிப்பு மாத்திரைகள் சில இம்மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும் என்பதால், நரம்பியல் மருத்துவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

வெளிச்சமும் ஈரமும் படக்கூடாத மாத்திரை இது. மாத்திரையை விழுங்கும் நேரத்தில்தான் உறையைப் பிரிக்க வேண்டும். ஒரு கடையில் காலாவதி தேதி அச்சிட்ட பகுதியைத் தாங்களே வைத்துக்கொண்டு, மீதி அட்டையை வெட்டிக் கொடுத்தார்கள். விலை அதிகமான இம்மருந்தை அப்படி வாங்காதீர்கள், முழு அட்டையாகவே கேளுங்கள்.

நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரக்கூடும் என்பதால், இந்தியத் தயாரிப்புகள் ஒப்பீட்டளவில் மலிவாகக் கிடைத்தாலும், மாதாமாதம் வரும் இச்செலவை நீண்ட காலத்துக்குக் கணக்கிட்டே தொடங்க வேண்டும். திடீர் விலாவலியோடு சிறுநீரில் இரத்தம் கண்டால் மட்டும் மாத்திரையை நம்பிக் காத்திருக்கலாகாது. அப்போது தேவைப்படுவது இரத்தக்குழாயை உள்ளிருந்து அடைக்கும் எம்போலைசேஷன் வசதியுள்ள மருத்துவமனை.