ஏற்காட்டில் ராப்பெல்லிங் புக் பண்றீங்களா? கயிற்றைப் பார்த்துவிட்டு மீதிப் பணம் கொடுங்கள்

இன்ஸ்டாகிராமில் படம் போட்டு ஆள் பிடிக்கும் ஒரு ஏற்பாட்டாளரிடம் பாதிப் பணம் அட்வான்ஸ் கட்டி, நண்பர்கள் குழுவாகச் சேர்வராயன் மலைக்கு ராப்பெல்லிங் (கயிற்றில் தொங்கிப் பாறைச் சரிவில் இறங்குவது) செய்யப் போய் ஏமாந்த கதை இது. சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர், தரமான கருவி, இன்சூரன்ஸ், வனத்துறை அனுமதி என்று நாலும் சொன்னார்கள். வண்டி லேட், சாப்பாடு ஆறிப்போனது, அதெல்லாம் போகட்டும்.

பாறை விளிம்பில், காபித் தோட்ட நிழலுக்கு நடும் சில்வர் ஓக் மரம் ஒன்று. தொடைப் பருமன்கூட இல்லை. வேர் இருப்பது பாறைமேல் படிந்த ஒரு சாண் மண்ணில். கயிற்றை அதில் மட்டும் கட்டியிருந்தார்கள். ஆங்கர், அதாவது கயிற்றைக் கட்டும் பிடிமானம், என்றால் ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும்படி தனித்தனியாகக் குறைந்தது இரண்டு வேண்டும். இரண்டிலிருந்தும் வரும் கயிறுகளுக்கு நடுவே கோணம் 60 டிகிரிக்குள் இருக்கணும். 60-ல் ஒவ்வொன்றும் எடையில் சுமார் 58 சதவீதம் தாங்கும். 120-க்கு விரிந்தால் ஒவ்வொன்றும் முழு எடையைத் தாங்கணும். அப்புறம் இரண்டு கட்டி என்ன பிரயோஜனம்?

அடுத்து கயிறு. ராப்பெல்லிங்குக்கு 10 முதல் 11 மி.மீ. ஸ்டாட்டிக் (அதிகம் இழுபடாத) கயிறு, முனையில் இஎன் 1891 என்ற ஐரோப்பியத் தர முத்திரையோடு இருக்கணும். இதில் முத்திரையே இல்லை. கையில் உருவிக்கொண்டே வந்து சின்னச் சின்ன வளையமாக மடக்கிப் பாருங்கள்: நல்ல கயிறு உருண்டையாக வளையும். ஒரு இடத்தில் மட்டும் தட்டையாக மடிந்தால் உறைக்குள்ளே இருக்கும் இழை கெட்டிருக்கிறது. இதில் இரண்டு இடத்தில் அப்படி மடிந்தது. கேட்டதற்கு, "தம்பி, இதுல யானையே தொங்கும்" என்றார் ஏற்பாட்டாளர். அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் ஆள் இறங்க இறங்க கயிறு விளிம்பில் அறுபடுமே? அங்கே ஒரு சாக்குகூடப் போடவில்லை. கயிறு தரையை எட்டவும் இல்லை, ஒரு ஆள் உயரம் குறைந்தது; முனையில் முடிச்சும் இல்லை. கவனிக்காமல் இறங்குகிறவர் கயிறு தீர்ந்த இடத்தில் நேரே கீழே போவார்.

காரபினரில் (கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கி) அது தாங்கும் விசை கே.என். (கிலோநியூட்டன்) அளவில் பொறித்திருக்கும், நீளவாக்கில் 20-க்குக் குறையக் கூடாது. இங்கே கொடுத்ததில் ஒன்று சாவிக்கொத்துக்குப் போடும் ரகம். ஹார்னஸில் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை) தயாரிப்பு ஆண்டு லேபிள் தேய்ந்திருந்தது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்றுதான் பெரும்பாலான கம்பெனிகள் சொல்கின்றன. ஹெல்மெட்? பைக் ஹெல்மெட். பாதுகாப்புக்கு இரண்டாவது கயிறு கிடையாது, கீழே நின்று கயிற்றை இழுத்துப் பிடிக்கவும் ஆள் கிடையாது. குழுவில் யாரும் இறங்கவில்லை.

பயிற்சியாளரின் 'சான்றிதழ்' ஏதோ ஒரு முகாமில் கலந்துகொண்டதற்கு. உத்தரகாசி, டார்ஜிலிங் மலையேற்ற நிறுவனங்களில் பேசிக், அட்வான்ஸ்டு படிப்புகளை முடித்தபின் பயிற்றுநருக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது, அதைக் கேளுங்கள். வனத்துறை அனுமதி என்று காட்டியது பார்க்கிங் ரசீது. 2018 குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போனால் வழக்கு உங்கள் மேலும் பாயும். இன்சூரன்ஸ் என்றால் பாலிசி எண்ணை முன்கூட்டியே வாங்குங்கள்.

அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. விளம்பரம், சாட், பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். கேட்டு சண்டை போட்டதும் அந்த விளம்பரத்தை அழித்துவிட்டார்கள், அதனால் முதலிலேயே எடுத்துவிடுங்கள்.