உப்புக் காற்றில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல்: எந்தப் பிரேம் தாங்குகிறது?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக, நடுவே காற்று அடைத்த இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடுகிறவர்கள் பலருக்குப் பெரிய தொல்லை சத்தம்தான். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு ராத்திரி, பகல் கிடையாது. கண்ணாடி எத்தனை எம்எம் என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு, பிரேமை மட்டும் கடைக்காரர் கையில் விட்டுவிடுகிறார்கள். நாலைந்து மழைக்காலம் பார்த்த ஜன்னலைக் கழற்றினால் கெட்டிருப்பது பெரும்பாலும் மூலை, ஸ்க்ரூ, கீல், தண்ணீர் வடியும் துளை.

சாதா அலுமினியத்தில் இரட்டைக் கண்ணாடி போடுவது பாதிப் பணத்தை வீணாக்குவதுதான். யுபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக் பிரேமைவிட அலுமினியம் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வெப்பம் கடத்தும். உள்ளே ஏசி 22-ல் ஓடும்போது பிரேமின் வெளிப்பக்கமும் குளிர்ந்துவிடும். வெளியே கடலோர ஈரக்காற்று. பிரேம் வியர்த்துச் சொட்டும் தண்ணீர் தூசியோடு சேர்ந்து சுவரில் கறுப்புக் கோடு இழுக்கும். இதற்குத்தான் தெர்மல் பிரேக்: உள், வெளி அலுமினியத்துக்கு நடுவே பாலியமைடு பட்டை. வெட்டிய துண்டை வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி இழை கலந்த பாலியமைடு கிட்டத்தட்ட அலுமினியம் அளவுக்கே விரியும். மலிவுக்காக பிவிசி பட்டை செருகியிருந்தால் அது மூன்று மடங்கு விரியும். வெயிலில் இளகி நாளடைவில் பிடி விட்டுவிடும்.

தெர்மல் பிரேக் இருந்தாலும் உப்பு உப்புதான். பவுடர் கோட்டிங் முதலில் விடுவது 45 டிகிரியில் வெட்டிய மூலையில். பெயின்டுக்கு அடியில் புழு ஊர்ந்தது போல் மெல்லிய கோடுகள் ஓடும். சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிரும். வெட்டு முனைக்கு சீலர் தடவாததுதான் காரணம். இரும்பு ஸ்க்ரூ போட்டால் அதைச் சுற்றி அலுமினியமே அரித்துப்போகும். கடற்கரைப் பக்கம் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். 304 கிரேடு கூட இங்கே பழுப்புக் கறை காட்டிவிடுகிறது. பூச்சுவேலை முடியும்வரை பாதுகாப்பு டேப்பை உரிக்க வேண்டாம். ஈர சிமென்ட் பட்டால் கோட்டிங் வெந்துவிடும்.

யுபிவிசியின் மூலைகளை உருக்கி ஒட்டுவதால் அங்கே இந்த அரிப்புக்கு வேலையில்லை. ஆனால் உள்ளே பலத்துக்காகச் செருகுவது ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய ஸ்டீல். கீழ்ப் பிரேமில் மேலிருந்து டிரில் போட்டு ஸ்க்ரூ இறக்கினால் மழைத்தண்ணீர் ஸ்டீல் இருக்கும் குழிக்குள் போய், ஸ்டீல் துருப்பிடித்து, வெள்ளைப் பிரேமில் செங்காவி வழியும். அடுத்த விஷயம் விரிவு. ஒன்றரை மீட்டர் யுபிவிசி 30 டிகிரி சூட்டு மாற்றத்துக்குச் சுமார் 3 எம்எம் நீளும். சுவருக்கும் பிரேமுக்கும் இடையே பக்கத்துக்கு 5, 6 எம்எம் விட்டு, ஃபோம் அடித்து, மேலே சிலிகான் போட வேண்டும். மேஸ்திரி அந்த இடைவெளியைக் கலவையால் இறுக்கி அடைத்தால் பிரேம் வளையும். காலையில் சுலபமாகப் பூட்டுகிற ஜன்னல் மதியம் பூட்டாது என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மேற்குப் பார்த்த சுவருக்கு மர நிற லேமினேஷன் வேண்டாம். வெள்ளையைவிட அதிகம் சூடாகும்.

இனி எடை. ஒரு சதுர மீட்டரில் ஒவ்வொரு எம்எம் கண்ணாடியும் 2.5 கிலோ. நாலடிக்கு நாலடியில் 5 எம்எம் கண்ணாடி இரண்டு போட்டால் கண்ணாடி மட்டும் சுமார் 37 கிலோ. அதை இரண்டு ஷட்டராக (திறந்து மூடும் ஜன்னல் கதவாக) பிரித்தாலும், கண்ணாடிக்கும் பிரேமுக்கும் இடையே முட்டுக்கொடுக்கும் பிளாஸ்டிக் பேக்கர் வைக்கும் இடம் முக்கியம்: கீல் பக்கம் கீழ் மூலையிலும், அதற்குக் குறுக்கே எதிர் மேல் மூலையிலும். அப்போதுதான் கண்ணாடியின் எடை கீலுக்குப் போகும். இதை விட்டால் பூட்டுப் பக்கம் தொங்கி, ஷட்டர் கீழே உரசும். பலரும் கீலை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் பட்டையைக் கழற்றி பேக்கரைச் சரிசெய்தாலே போதும்.

சத்தம் குறைய வேண்டும் என்றால் ஸ்லைடிங் வேண்டவே வேண்டாம். அதில் இடைவெளியை அடைக்க இருப்பது வெறும் பிரஷ். காற்று புகும் இடமெல்லாம் சத்தமும் புகும். கதவு மாதிரித் திறந்து, ரப்பர் கேஸ்கெட்டில் அழுந்தி மூடும் ஜன்னலே சரி. இரண்டு கண்ணாடியும் ஒரே தடிமனாக இருந்தால் ஒரே சுதியில் அதிரும். ஒன்று 5 எம்எம், மற்றது 6.38 எம்எம் லேமினேட்டட் (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி) என்று வையுங்கள்.

தேக்கு வெப்பத்தை அதிகம் கடத்தாது, பார்க்கவும் அழகு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உப்பி, பங்குனியில் சுருங்கும்போது, இரண்டு கண்ணாடியையும் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீல் இழுபட்டுவிடும். வருஷா வருஷம் பாலிஷ் போட மனமிருந்தால் மட்டும்.

எந்தப் பிரேமானாலும் கண்ணாடிகளுக்கு நடுவே பனி படிய முக்கியக் காரணம் கீழ்ப் பள்ளத்தில் தேங்கும் தண்ணீர். சாலைப் புழுதியும் அனல்மின் நிலையச் சாம்பலும் வடிதுளையை அடைக்கும். ஓர சீல் ஊறி, உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரம்பிவிட்டால் துடைத்துப் பயனில்லை, கண்ணாடி யூனிட்டையே மாற்ற வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் ஒரு டம்ளர் தண்ணீரைப் பள்ளத்தில் ஊற்றிப் பாருங்கள். உடனே வெளியே வழிய வேண்டும். தேங்கினால் ஈர்க்குச்சியால் துளையைக் குத்திவிடுங்கள்.

கடலுக்குப் பக்கத்தில் இரண்டரை அடிக்குள் அகலமுள்ள ஷட்டருக்கு வெள்ளை யுபிவிசியே போதும். ஹால் முழுக்கப் பெரிய திறப்பு என்றால் தெர்மல் பிரேக் அலுமினியம், 25 மைக்ரான் அனோடைசிங் என்ற ஆக்சைடு படலத்தோடு. கொட்டேஷனில் ஸ்டீல் தடிமன், ஸ்க்ரூ தரம், கீல் தாங்கும் எடை மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.