டப்பாவாலா சர்வீஸ்: முலுண்ட் டு ஃபோர்ட், அஞ்சு வருஷ கஸ்டமர் சொல்றேன்

மும்பைக்கு புதுசா வேலைக்கு வர்ற நம்மாளுங்க டப்பா போடலாமா, ஆப்ல ஆர்டர் பண்ணிக்கலாமான்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் ஒரேடியா எழுதிடலாம்னு. டப்பாவாலான்னா, நம்ம வீட்டுச் சாப்பாட்ட டப்பாவோட வாங்கிட்டு போய் மதியம் ஆபீஸ்ல குடுக்குற ஆளுங்க. கோவிடுக்கு முன்னாடி ரெண்டு வருஷம், இப்ப திரும்ப மூணு வருஷம் ஆகுது. வீடு மும்பையோட வடக்கு ஓரத்துல முலுண்ட், ஆபீஸ் தெக்கு முனைப் பக்கம் ஃபோர்ட்ல. காலைல ஃபாஸ்ட் லோக்கல் ரயில்ல ஏறுனா நம்ம கை எங்க இருக்குன்னு நமக்கே தெரியாது, இதுல கேரியர் வேற தூக்கிட்டு போய் ரசத்த அடுத்தவன் பேண்ட்ல ஊத்தி சண்ட வாங்கணுமா. அம்மா நிதானமா சமைச்சு ஒன்பதரைக்கு குடுத்தா பன்னெண்டரை வாக்குல ஆபீஸ்ல இருக்கும், சாப்ட்டு முடிச்சா காலி டப்பா அதே வழில சாயங்காலம் வீட்டுக்கு போயிடும்.

மூடிய பாத்தீங்கன்னா பெயிண்ட்ல எழுதியிருக்கும். நடுவுல பெருசா ஒரு நம்பர், அது இறங்குற ஏரியா. ஓரத்துல ஒரு நம்பர், அந்த ஏரியால கொண்டு போய் குடுக்குற ஆளுக்கு. பக்கத்துல ரெண்டு மூணு எழுத்து பில்டிங்குக்கு, கடைசில மாடி. கிளம்புற ஸ்டேஷனுக்கு தனியா கலரும் குறியும். அவ்ளோதான், என் பேரும் இல்ல, போன் நம்பரும் இல்ல. அம்மா சபீனா போட்டு தேச்சு தேச்சு மாடி நம்பர் பாதி அழிஞ்சு போச்சு, எடுக்க வர்ற அண்ணன் பாத்துட்டு மறுநாளே சின்ன பெயிண்ட் டப்பாவோட வந்து வாசப்படில உக்காந்து திரும்ப எழுதிட்டு, இந்த பக்கம் தேய்க்காதீங்க ஆயின்னு சொல்லிட்டு போனாரு.

நான் ரொம்ப நாளா இத ஒரு பெரிய கம்பெனின்னு நெனச்சுட்டு இருந்தேன். கிடையவே கிடையாது. இருபது இருபத்தஞ்சு பேரு சேந்த சின்ன சின்ன குரூப்பு, கோவிடுக்கு முன்னாடி அப்படி கிட்டத்தட்ட 200 குரூப்பு, ஒவ்வொன்னுக்கும் முகாதம்னு ஒரு மேஸ்திரி. கஸ்டமர் புடிக்கிறது, காசு வசூல் பண்றது, கணக்கு பாக்குறது எல்லாம் அந்தந்த குரூப்பு பாடு, செலவு போக மிச்சத்த அவங்களுக்குள்ள சமமா பிரிச்சுக்குறாங்க. ஆனா ரயில்ல ஏத்துனதும் உன் டப்பா என் டப்பான்னு பேச்சே இல்ல, வழில ஒருத்தர்கிட்டேந்து இன்னொருத்தருக்கு கைமாறிட்டே போகும். முலுண்ட்ல எடுத்தவர் என் ஆபீஸ பாத்ததே இல்ல, ஃபோர்ட்ல குடுக்குறவருக்கு எங்க வீடு எங்கன்னு தெரியாது. ஒரு குரூப்புல ரெண்டு மூணு ஆளு எக்ஸ்ட்ராவாவே வெச்சிருப்பாங்க, ஒருத்தர் லீவு போட்டாலும் வேல நிக்காது. 1890ல ஆரம்பிச்சது, 1956ல டிரஸ்ட்டா பதிவு பண்ணாங்க, நல்லா ஓடுன காலத்துல 5000 பேர் சேந்து தினமும் 2 லட்சம் டப்பான்னு சொல்லுவாங்க. கோடில ஒரு தப்புதான் வரும்னு வாட்ஸ்அப்ல சுத்துறத மட்டும் நான் நம்ப மாட்டேன், யாரு உக்காந்து எண்ணுனா.

இத ஏன் இவ்ளோ இழுக்குறேன்னா, என் மச்சான் இங்க மும்பைல சயான் ஏரியால ஆறு பைக் வெச்சு பார்சல் டெலிவரி பண்றான். பக்கத்து ஊரு தானேக்கு ஒரு பார்சல் வந்தா ஒரு பையன் முழு தூரமும் போயிட்டு காலியா திரும்பி வருவான், பெட்ரோலுக்கே சரியா போயிடும். பெருசாகணும்னா இன்னும் பத்து பைக் வாங்கணும்னு லோனுக்கு அலைஞ்சுட்டு இருந்தான். டப்பா கதைய கேட்டுட்டு இப்ப தானேல ஒருத்தர், வாஷில ஒருத்தர், இவன மாதிரியே சின்ன ஆளுங்க, மூணு பேரும் சேந்து தினம் பதினொரு மணிக்கு குர்லால ஒரு டீக்கடைல பார்சல மாத்திக்குறாங்க, மார்க்கர்ல ஏரியா நம்பர் போட்டு. பைக் அதே ஆறுதான், ஆனா முன்ன முடியாதுன்னு திருப்பி அனுப்புன ஆர்டரெல்லாம் இப்ப எடுக்குறான். சண்ட இல்லாம இல்ல. ஒரு பார்சல் காணாம போய் யாரு காசு குடுக்குறதுன்னு ஒரு வாரம் மூணு பேரும் பேசிக்கல, அப்புறம்தான் கைமாறும்போது நோட்டுல கையெழுத்துன்னு வெச்சாங்க. அத மொத நாளே வெச்சிருக்கணும், நான் சொன்னேன், கேக்கல.

சரி டப்பாவுக்கு வரேன். கொறன்னு பாத்தா, சமையல் லேட் ஆச்சுன்னா நமக்காக நிக்க மாட்டாங்க, ரயில் நிக்காதில்ல. வருஷத்துக்கு ஒரு தடவ ஊர்த் திருவிழாவுக்கு எல்லாரும் ஒண்ணா கிளம்பிடுவாங்க, அந்த நாலஞ்சு நாள் கேன்டீன்தான். தீபாவளிக்கு ஒரு மாசக் காசு போனஸ் வழக்கம், அதையும் கணக்குல சேத்துக்கோங்க. இன்னொன்னு, 2020ல லோக்கல் நின்னதுல நிறைய பேர் ஊருக்கு போயிட்டாங்க, பழைய கூட்டம் இன்னும் திரும்பல, அதனால எல்லா ஏரியாலயும் ஆள் கிடைக்கும்னு சொல்ல முடியாது. ஆப்போட ஒப்பிட்டா? அதுல ஒரு நாள் என் சாம்பார் சாதம் எங்க இருக்குன்னு மேப்ல நாப்பது நிமிஷம் பாத்துட்டே இருந்தேன், வந்தது வேற யாரோட பனீர் ரோலோ.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். போடணும்னா ஆன்லைன்ல தேடாதீங்க, காலைல பத்து மணி வாக்குல உங்க ஸ்டேஷன் வாசலுக்கு போனா வெள்ளத் தொப்பி போட்டவங்க நிப்பாங்க, உங்க தெருவ யாரு எடுக்குறாங்கன்னு கேளுங்க. அவசரத்துல இருப்பாங்க, சுருக்கமா பேசுங்க.