சீரின் 10, திரியோனின் 3: செல் பிரிவில் யாருடைய வேலை பெரியது?

டி.என்.ஏ. தன்னைச் சுற்றிக்கொள்ளும் புரதங்கள் ஹிஸ்டோன்கள். அவற்றில் ஒன்றான ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் வால், அந்த டி.என்.ஏ. சுற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியிலிருந்து எண்ணினால் மூன்றாவது அமினோ அமிலம் திரியோனின், பத்தாவது சீரின். செல் பிரியும்போது இரண்டிலும் பாஸ்பேட் ஏறுகிறது. சீரினில் ஏற்றுவது அரோரா பி, திரியோனினில் ஏற்றுவது ஹாஸ்பின். இரண்டும் நொதிகள்.

பேர் வாங்கியது என்னவோ சீரின்தான். பாஸ்பேட் ஏறிய சீரினில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடி போட்டு ஒளிர் நுண்ணோக்கியில் பாருங்கள். செல் பிரிவுக்குச் சற்று முந்தைய ஜி2 கட்டத்தின் கடைசியில், குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியரை ஒட்டி ஒளி புள்ளிகளாகத் தொடங்கி, குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டும் மெட்டாஃபேஸுக்குள் குரோமோசோம் முழுக்கப் பரவிவிடும். மங்கிக் கிடக்கும் கூட்டத்துக்கு நடுவே பிரியும் செல் மட்டும் பளிச்சென்று எரியும். சாதாரணச் சாயத்தில், செத்துச் சுருங்கிய செல்லையும் பிரிகிற செல்லையும் பிரித்தறிவது சிரமம். அதனால்தான் புற்றுக்கட்டியில் பிரியும் செல்களை எண்ண நோயியல் ஆய்வகங்கள் இந்த ஆன்டிபாடியின் துணையை நாடுகின்றன.

சரி, அந்தப் பாஸ்பேட் செய்யும் வேலை என்ன? டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியில் சீரினை, பாஸ்பேட் ஏற முடியாத அலனினாக மாற்றியபோது குரோமோசோம்கள் தாறுமாறாகப் பிரிந்தன. ஈஸ்டில் அதையே செய்தபோது பெரிதாக ஒன்றும் கெடவில்லை. 2005இல் ஒரு தெளிவு கிடைத்தது: ஒன்பதாவது இடத்தில் மெத்தில் ஏறிய லைசினைப் பிடித்திருக்கும் எச்பி1 புரதத்தை, பக்கத்திலேயே ஏறும் இந்தப் பாஸ்பேட் கழற்றிவிடுகிறது. அழகான கண்டுபிடிப்புதான். அதற்காகக் குரோமோசோம் சுருங்குவதே சீரின் 10ஆல்தான் என்று சிலர் அடித்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரியாத செல்லிலும், வளர்ச்சிக் காரணிகள் தூண்டினால், சி-ஃபாஸ் போன்ற மரபணுக்களில் இதே குறி வருகிறது.

திரியோனின் 3 அடக்கமானது. மெட்டாஃபேஸில் இது செறிந்திருப்பது, இரட்டைக் குரோமாட்டிட்கள் ஒட்டியிருக்கும் சென்ட்ரோமியரின் உட்பகுதியில். ஆனால் இதன் வேலை தெளிவானது. சர்வைவின் என்ற புரதம் இந்தப் பாஸ்பேட்டை நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது, அதோடு சேர்ந்து அரோரா பியும் அங்கே வந்து உட்காருகிறது. 2010இல் வெளியான ஆய்வுகள் இதை நிறுவின. குரோமோசோமை இழுக்கும் நுண்குழல்கள் தப்பான பக்கம் பிடித்தால், அவற்றை விடுவிக்க அரோரா பி அங்கே இருந்தாக வேண்டும். சீரினில் எழுதும் அதே அரோரா பிக்கு இடம் காட்டுவது திரியோனின்தான்.

ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று: பாஸ்பேட் சீக்கிரம் கழன்றுவிடும். செல்லை உடைக்கும் கரைசலில், பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்பட்டேஸ் நொதிக்கான தடுப்பானைச் சேர்க்க மறந்து, இரண்டு வார வேலை புரதச் சோதனையில் வெற்றுப் பட்டையாக வந்து நின்றதை நான் அனுபவித்திருக்கிறேன்.

பிரியும் செல்களின் எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் சீரின் 10 ஆன்டிபாடியை வாங்குங்கள். குரோமோசோம் சரியாகப் பிரிகிறதா என்பது கேள்வியானால் திரியோனின் 3 இல்லாமல் இறங்காதீர்கள். ஹாஸ்பினைத் தடுத்தால் அரோரா பி சென்ட்ரோமியரை விட்டுக் குரோமோசோமின் கைகளுக்குச் சிதறும். அப்போதும் சீரின் 10 பளிச்சென்றே எரியும். அதை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத்தான் தோன்றும்.